லைன் அறுந்த காலம்: யாழ்ப்பாணத்துச் சேதி கனடா போன விதம்

கேள்வி, 3 ஜூலை 2025
"நேற்று ஸ்டார்லிங்க் செய்மதி இன்ரநெற் இலங்கையில் தொடங்கிவிட்டது. இனி எந்த அரசாலும் எங்களை வெளிநாட்டுச் சொந்தங்களிடமிருந்து பிரிக்க ஏலாது. 90-களில் யாழ்ப்பாணத்தில் ஐந்து வருசம் ஒரு தொடர்பும் இல்லாமல் இருந்தீங்களாம். இனி அதெல்லாம் பழங்கதை, சரிதானே?"

3 ஜூலை, இரவு

இரண்டு பக்கமும் பிழையாகக் கிடக்கு, தம்பி.

முதலில் ஸ்டார்லிங்க். அது களவாக வந்த சாமான் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு போன வருசம் ஓகஸ்டில் லைசன்ஸ் கொடுத்துத்தான் வந்திருக்கு. லைசன்ஸ் கொடுத்தவர்களே "வடக்கில் நிப்பாட்டு" என்றால் கம்பனி யார் பக்கம் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கோ. அதோடு அந்தத் தட்டுக்குக் கரண்ட் வேணும். 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கினதோடு எங்களுக்குத் தொலைபேசியும் மின்சாரமும் சேர்ந்தே போனது. ரோர்ச் பற்றறிகூடத் தடைசெய்த சாமான். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் படித்த ஆக்கள் நாங்கள். வானத்தில் எத்தனை செய்மதி சுற்றினாலும் எங்கட ஊர் கொக்குவிலில் செருக ஒரு பிளக் இருந்திருக்காது.

மற்றது, "ஒரு தொடர்பும் இல்லை" என்ற கதை. தொடர்பு இருந்தது. அண்ணா சண்டைக்கு முதலே கனடா போய்விட்டார். அம்மா சொல்லச் சொல்ல அவருக்குக் கடிதம் எழுதினது நான். நித்திரை வருகுது, மிச்சம் பிறகு.

5 ஜூலை

தபால் அறவே நிற்கவில்லை. கந்தோர் திறந்திருந்தது, தபால்காரரும் வந்தார். பை எப்ப வரும், எப்ப போகும் என்பதுதான் சண்டையைப் பொறுத்திருந்தது. மாதக்கணக்கில் பிந்தும்.

அதனால் அவசரச் சேதி ஆளின் கையில்தான் போகும். யாராவது கொழும்புக்குப் போகினம் என்று காதில் விழுந்தால் முதல்நாள் இரவே அந்த வீட்டு விறாந்தையில் சனம். போகிறவருடைய பாடு லேசில்லை. இயக்கத்திடம், அதாவது புலிகளிடம், பாஸ் எடுக்க வேணும், திரும்பி வருவதற்குப் பிணையாக ஆளைக் காட்ட வேணும். 1991 ஆனையிறவுச் சண்டைக்குப் பிறகு அந்தப் பாதை இல்லை. கொஞ்சக் காலம் கேரதீவு, சங்குப்பிட்டி. பிறகு கிளாலி. இரவில் வள்ளத்தில் நீரேரியைக் கடக்க வேணும், நேவி சுடும். 1993 தொடக்கத்தில் அந்தத் தண்ணியில் கனசனம் செத்தது. அக்கரை சேர்ந்தால் வன்னி ரோட்டு, வவுனியாவுக்குக் கிட்டத் தாண்டிக்குளத்தில் ஆமிச் சோதனை, பிறகு கொழும்பு லொட்ஜ், பொலிஸ் பதிவு. இவ்வளவும் தாண்டி வந்துதான் ஒரு மனிதர் எங்கட கடிதத்துக்கு முத்திரை வாங்கி ஒட்டினார். காசு கொடுத்தாலும் வாங்கமாட்டினம். "போற வழிதானே" என்பினம்.

ஒருவர் எத்தனை கடிதம் காவ ஏலும்? ஆகவே சின்னத் தாள், நெருக்கி எழுதின எழுத்து, ஒட்டாத உறை. வழியில் இரண்டு தரப்பும் வாசிக்கும் என்று தெரிந்ததால் எழுதுகிற விதமும் மாறினது. குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்தால் "மழை". "போன கிழமை நல்ல மழை, எங்கட வளவுக்குள்ள தண்ணி வரேல்லை." இதைத் தணிக்கை செய்கிறவர் கண்டுபிடிக்கமாட்டார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஊர் முழுக்க அதே மழை என்றால் அவருக்கு விளங்காதா?

பெரிய தொல்லை ஒன்று இருந்தது. கடிதங்கள் வரிசை மாறிப் போய்ச் சேரும். தபாலில் போட்டது ஒன்று, ஆளிடம் கொடுத்தது ஒன்று. "ஐயாவுக்கு இப்ப சுகம், எழும்பி நடக்கிறார்" என்ற கடிதம் அண்ணாவுக்கு முதலில் கிடைத்தது. ஐயாவுக்கு என்ன வந்தது என்ற கடிதம் பிறகுதான் போனது. இடைப்பட்ட காலத்தில் அவர் என்ன நினைத்திருப்பார்! அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு தாளின் மூலையிலும் இலக்கம் போடச் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்ற மனுசி. இலக்கம் போட்டபிறகு எது வரவில்லை என்பதாவது அவருக்குத் தெரிந்தது.

5 ஜூலை, பின்னேரம்

சங்கேதம் என்றதும் ஆடு ஞாபகம் வந்தது. ஒருமுறை அம்மா "ஆட்டை வித்தாச்சு" என்று எழுதச் சொன்னார். உண்மையாகவே ஆட்டைத்தான் விற்றோம், புல்லுக்கு வழியில்லை. அண்ணா அங்கே மூன்று கூட்டாளிகளைக் கூட்டிவைத்து ஆராய்ந்திருக்கிறார். ஒருவர் "பாஸ் கிடைத்துவிட்டது", இன்னொருவர் "காணியை விற்றுவிட்டினம்", மூன்றாமவர் "யாரோ இயக்கத்துக்குப் போய்விட்டினம்". அடுத்த கடிதத்தில் "எந்த ஆடு?" என்று கேட்டு வந்தது. அம்மா கோபத்தில், "கறுப்பாடு. வேற எத்தனை ஆடு நிண்டது எங்களிட்ட?"

6 ஜூலை

சுவிஸ் அண்ணை செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தைக் கேட்டிருக்கிறார். ஓம், இருந்தது. மூடாத தாள், குடும்பச் சேதி மட்டும், அரசியல் ஒரு வரி வரக்கூடாது. தடுப்பில் இருந்தவர்களின் வீட்டாருக்கு அதுதான் உயிர். எங்களைப்போன்ற ஆக்கள் அதிகம் பாவிக்கவில்லை, கிளாலிப் பயணிதான் எங்கட தபால்.

காசைப் பற்றிக் கேட்டவருக்கு: உண்டியல்தான், வங்கியில்லாமல் ஆள் மூலம் காசு மாற்றுகிற வழி. சரக்கெடுக்கப் போன வியாபாரி கொழும்பிலிருந்து துண்டோடு வருவார், ஊர்க் கடையில் காசு தருவினம். வாங்கினதுக்கு அம்மா வைத்த கையெழுத்து கடிதத்துக்கு முதல் கனடா போய்விடும். அம்மா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அண்ணாவுக்குக் கிடைத்த அத்தாட்சி கனநாள் அதுதான். சும்மா ஐம்பது டொலர் அனுப்பிக் கையெழுத்து வருகுதா என்று பார்த்ததாகப் பிறகு சொன்னார். வட்டி மாதிரிக் கமிசன் வேற.

7 ஜூலை

கசெற்! எப்படி விட்டேன். கொழும்பு போகிற ஆளிடம் குரல் பதிந்து கொடுத்துவிடுவோம். பற்றறி இல்லை என்றேனே. சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவும் கேட்டோம், ரெக்கோடரும் ஓடினது. சுற்றுகிறவர் தம்பி. அவன் களைத்தால் ரேப் மெதுவாகும், உசாரானால் வேகமாகும். மெதுவாகப் பதிந்ததை அங்கே சரியான வேகத்தில் போட்டால் அம்மா குருவிபோலக் கீச்சிடுவார். அண்ணாவின் அறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தக் கசெற் இன்னும் அவரிடம் இருக்கு, கேட்டால் தரமாட்டார்.

8 ஜூலை

இதுவரை எழுதினதில் நடு ஆளைச் சொல்லவேயில்லை. தம்பியின் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கு.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு அன்ரி. கிட்டின சொந்தம்கூட இல்லை, ஐயாவோடு வேலைசெய்தவருடைய மனைவி. வீட்டில் தொலைபேசி இருந்தது. கொக்குவில், இணுவில் பக்கத்துக் கனபேருடைய வெளிநாட்டு நம்பர்கள் அவருடைய கொப்பியில். யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வந்து இறங்கினால் முதலில் அன்ரி வீடு. அவர் கடிதத்தை வாங்கி, பிரித்து, அண்ணாவுக்குக் கோல் எடுத்து வாசிப்பார். வெளிநாட்டுக் கோல் கொள்ளை விலை, ஆகவே ஒருதரம் மணி அடிக்கவிட்டு வைப்பார், அண்ணா திருப்பி எடுப்பார். அண்ணா சொல்வதை அவர் எழுதி, ஊருக்குத் திரும்புகிற ஆளிடம் கொடுப்பார். ஒரு சுற்று முடிய ஆறு கிழமையும் ஆகும், மூன்று மாதமும் ஆகும்.

கம்பி, செய்மதி, ஆப் எல்லாம் மாறும். அடைத்த இடத்துக்கு வெளியே, ஆனால் அதற்குக் கிட்ட, இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு மனிதர் இருந்தால் சேதி போகும். அவர் இல்லாத குடும்பங்கள்தான் உண்மையாகத் துண்டிக்கப்பட்டது. எங்கட ஒழுங்கையிலேயே அப்படி இரண்டு வீடு இருந்தது.

9 ஜூலை

இன்றைக்கு நவாலி சென்ற் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து 30 வருசம். ஆமி முன்னேற, சனம் ஓடிப்போய் அடைக்கலம் புகுந்த இடம். நூறு பேருக்கு மேல் செத்தது. எங்கட வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அண்ணா பிபிசி தமிழோசையில் "நவாலி" என்று கேட்டுவிட்டு அன்ரிக்கு எடுத்திருக்கிறார். அன்ரிக்கும் தெரியாது. நாங்கள் தப்பின சேதி அவருக்குப் போகவே கனநாள்.

வெளியில் இருந்தவர்களுக்கு றேடியோ சொல்லும், ஊர்ப் பெயர் மட்டும் சொல்லும். உங்கட அம்மா அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று சொல்லாது. தமிழோசையும் மணிலா வெரித்தாஸ் றேடியோவும்தான் எங்களுக்கும் செய்தி, டைனமோவைச் சுற்றிக்கொண்டு.

அதே வருசம் ஒக்ரோபர் 30. ஆமி நெருங்க, எங்கட வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. அதைப் பற்றி எழுதினவை கனக்க இருக்கு. இங்கே ஒன்று மட்டும்: அன்றைக்கு விலாசம் போனது. அதுவரை கடிதம் பிந்தினாலும் கொக்குவில் வீட்டுக்கு வரும். இப்ப அண்ணா எங்கே எழுதுவார்? மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம், அதற்கு என்ன இலக்கம்? சாவகச்சேரியில் தெரிந்த ஒரு கடையில் கடிதங்களைக் கொடுத்துவைப்பினம், போகிற வருகிற நேரம் கட்டைக் கிளறிப் பார்ப்போம். மற்றவர்களுடைய கடிதங்களைப் பார்த்து "இவையள் வன்னிக்குப் போயிற்றினம்" என்று மேலே எழுதிவிட்டு வருவோம்.

10 ஜூலை

நேற்று முந்தினம் அன்ரியைத் தெய்வமாக்கி எழுதிவிட்டுப் படுத்தேன். மறுபக்கமும் இருக்கு.

தென்மராட்சியில் பெரியம்மா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணாவைத் தூக்கி வளர்த்த மனுசி. கடிதம் அன்ரி கைக்குப் போனது. அண்ணாவுக்கு அப்ப அகதிக் கேஸ் விசாரணை வரப்போகுது. அன்ரி வாசித்துக் காட்டும்போது அந்தப் பந்தியை விட்டுவிட்டார். விசாரணை முடிந்து, முடிவு கிடைத்த பிறகுதான் சொன்னார். அண்ணா அவரோடு கனகாலம் கதைக்கவில்லை. அன்ரி சொன்ன பதில்: "நீ அங்க தனிய இருந்து அழுதா ஆர் பார்க்கிறது?"

கடிதத்தை வாசிக்கிறவருக்கு எதை வாசிக்காமல் விடலாம் என்ற அதிகாரமும் வந்துவிடும். எங்கட பக்கமும் அப்படியே. அண்ணாவின் முதல் கேஸ் தோற்றதை அன்ரி எங்களுக்கு எழுதவில்லை. நாங்கள் அவர் நல்லாயிருக்கிறார் என்று நினைத்துச் சந்நிதி கோயிலில் அன்னதானம் கொடுத்தோம்.

நான் அண்ணா பக்கம்தான் நின்றேன். இப்ப அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஏன் என்று 2006-ஐ எழுதும்போது.

10 ஜூலை, இரவு

லண்டன் அக்கா, நீங்கள் சொன்னது சரி: மறித்த தளத்துக்குச் சுற்றுவழியால் போக உதவுகிற வி.பி.என். எல்லாத்துக்கும் மருந்தில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் 2022 ஏப்ரல் போராட்டத்தின்போதும் இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பைத்தான் மறித்தார்கள், இன்ரநெற் ஓடினது. அதுக்கு வி.பி.என். போதும், எல்லாரும் அப்படித்தான் உள்ளே போனது. முழு இன்ரநெற்றையே நிறுத்தினால் வி.பி.என். எதுக்கு மேல ஓடும்? 2024 ஜூலையில் பங்களாதேசில் அப்படித்தான் நிறுத்தினார்கள். என்னோடு வேலைசெய்கிற டாக்காப் பொடியன் சாப்பாடில்லாமல் திரிந்தான். பழைய வழிகள்தான் அப்ப மிச்சம். எகிப்தில் 2011 ஜனவரியில் எல்லாத்தையும் அறுத்தபோது லாண்ட்லைன் உயிரோடிருந்தது. பிரான்சில் ஒரு சின்ன நிறுவனம் டயல்-அப் நம்பர் கொடுத்தது, பழைய மோடம் வைத்திருந்தவர்கள் வெளிநாட்டுக் கோல் எடுத்து இன்ரநெற்றுக்கு வந்தார்கள்.

12 ஜூலை

போன மாதம், இஸ்ரேலோடு சண்டை வந்தபோது, ஈரானில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கோ. எங்கட கந்தோரில் ஒரு ஈரான்காரி. தெஹ்ரானில் தாய். சண்டை தொடங்கிச் சில நாளில் இன்ரநெற் போனது. வெளியிலிருந்து தாயின் நம்பருக்கு அடித்தால் தாய் எடுப்பதில்லை, ஒரு இயந்திரக் குரல் எடுத்து "ஹலோ, யார் பேசுறது?" என்ற மாதிரிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு மட்டுமில்லை, வெளிநாட்டில் இருந்த கனபேருக்கு இப்படி நடந்தது, பத்திரிகைகளிலும் வந்தது. மணி அடித்து ஆள் எடுக்காவிட்டால் மனசு ஒரு மாதிரித் தாங்கும். யாரோ எடுத்துக் கதைத்தால்?

ஆனால் உள்ளேயிருந்து வெளியே கோல் சிலநேரம் வந்தது. தாய் இரண்டு வரி கதைத்தார். அதைக் கேட்டு நான் அவளுக்குச் சொன்னது: நீ அடித்து அடித்து லைனை மறிக்காதே, ஃபோனைச் சும்மா வை. யார் யாருக்கு எடுப்பது என்று முதலே பேசிவைக்க வேணும். எல்லாரும் வெளியிலிருந்துதான் அடிக்கிறோம், உள்ளே இருக்கிறவரிடம் எங்கட நம்பர் மனப்பாடமாக இருக்குதா? ஃபோனில் "மகள்" என்று சேமித்திருந்தால் ஃபோன் செத்ததும் மகளும் போச்சு.

காஷ்மீரையும் சொல்ல வேணும். 2019 ஓகஸ்ட் 5-க்குப் பிறகு கொஞ்சக் காலம் அங்கே லாண்ட்லைன்கூட இல்லை. சிறிநகர் அரச அலுவலகத்தில் ஒன்றிரண்டு ஃபோனை வைத்து, சனம் வரிசையில் நின்று ஒரு நிமிசம் கதைத்தது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் செய்மதி ரீவியில் "அம்மா, நான் சுகம்" என்று சேதி போட்டார்கள், தாய் தகப்பன் அதை ரீவியில் பார்த்தார்கள். பதில் சொல்ல வழியில்லை. 4ஜி திரும்ப வந்தது 2021 பெப்ரவரியில்.

13 ஜூலை

2006. இப்ப நான் ரொறன்ரோவில், அம்மா கொக்குவிலில். ஓகஸ்ட் 11 முகமாலையில் சண்டை, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 ரோட்டு பூட்டு, ஊரடங்கு, ஃபோன் செத்தது. 90-களில் நான் உள்ளே இருந்தேன். உள்ளே இருந்தவளுக்கு ஒரு வசதி: நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணாவுக்கு ஏன் அந்த ஐந்து வருசத்தில் தலைமயிர் கொட்டினது என்று 2006-இல்தான் விளங்கினது.

லைன் திரும்ப வந்தபோதும் நேரகாலம் கிடையாது. சாமத்தில் ஒருநாள் அம்மா எடுத்தார். முதல் வசனம் "சீனி விலை கேட்டியே?" எனக்கு அழுகை, அவருக்குச் சீனி. யாழ்ப்பாணம் திரும்பவும் கப்பலை நம்பின தீவாகிவிட்டது. அதைத்தான் அவர் சொல்ல வந்தார், நான் அழுது நேரத்தைத் தின்றேன்.

எங்கட லைன் கிடைத்தது தெரிந்ததும் ஸ்காபரோவில் இருந்த ஊர்ச்சனம் எனக்கு எடுக்கத் தொடங்கினது. "அம்மாட்டைக் கேட்டுப் பார் பிள்ளை, எங்கட வீட்டுப் பக்கம் எப்படியாம்?" ஒரு கொப்பி வைத்தேன். ஒருநாள் அம்மா ஒரு வீட்டுப் பொடியனைக் காணவில்லை என்றார், வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கடத்தினதாம். தாய் இங்கே, இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில். கோல் எடுத்தார். நான் "லைன் கிடைக்கேல்லை அன்ரி" என்றேன். மகள் கலியாணத்துக்கு மொன்றியால் போயிருந்தாள், அவள் வந்ததும் அவளிடம் சொன்னேன்.

வெள்ளவத்தை அன்ரியோடு அதற்குப் பிறகு எனக்கு வழக்கில்லை.

14 ஜூலை

வன்னி 2009, போரின் கடைசி மாதங்கள் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு. அங்கே நடு ஆளே இல்லாமல் போனது. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. ஆக்களை வெளியேற்றினார்கள். கடைசியில் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரை ஏற்ற வந்த செஞ்சிலுவைக் கப்பல்தான் வெளிக்கும் உள்ளுக்கும் இருந்த ஒரே கயிறு. மே மாதத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாம் ஆக்களுடைய பெயர்ப் பட்டியல் தேடி இங்கே சனம் அலைந்தது. பெயரைக் காணாத வீடுகள் இன்றைக்கும் தேடுகினம். இதற்கு மேல் நான் எழுதுவது முறையில்லை, அவர்கள் எழுத வேணும்.

16 ஜூலை

தம்பி, நீங்கள் மானிப்பாயில் இருக்கிற அம்மாவோடு கதைத்து, லைன் அறுந்தால் யார் யாருக்கு எடுப்பது என்று ஒரு தாளில் ஒழுங்குபண்ணியிருக்கிறேன் என்று எழுதினதைப் பார்த்தேன். நல்லது. நடு ஆளாக வவுனியாச் சித்தப்பாவைப் போட்டிருக்கிறீங்கள். வவுனியா கிட்ட, ஆனால் 90-களிலும் 2006-க்குப் பிறகும் அங்கேயும் கெடுபிடிதான். கொழும்பிலோ சென்னையிலோ இன்னொருவரையும் சேருங்கோ. அவரிடம் முதலே கேளுங்கோ, கெட்ட சேதி வந்தால் உடனே சொல்ல வேணுமா, யாருக்கு முதலில் சொல்ல வேணும் என்று. நாங்கள் அதைக் கேட்டுவைக்கவில்லை.

ஸ்டார்லிங்கும் வாங்குங்கோ, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோலார் பனலும் சேர்த்து வாங்குங்கோ.

17 ஜூலை

ஒரு திருத்தம், உங்கட தாளில். அம்மாவின் லாண்ட்லைனை 94 021 என்று எழுதியிருக்கிறீங்கள். ஊருக்குள் 021 சரி. கனடாவிலிருந்து அடிக்கும்போது அந்த 0 வராது: 011, 94, பிறகு நேரே 21. அவசர நேரத்தில் கை நடுங்கும்போது இதை யோசிக்க ஏலாது, இன்றைக்கே வெட்டி எழுதுங்கோ. அதோடு ஒருமுறை அடித்தும் பாருங்கோ, கனவீடுகளில் அந்த லைனை வெட்டிக் கனகாலம்.